மூன்றில் எது வேறு

பாயசம் அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்று கிண்டிக்கொண்டிருந்த ஜெயபாரதிக்கு அது தெரியவில்லை. மேலாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பால் நுரைத்து எழுந்து அடங்கியது, ஜவ்வரிசி கண்ணாடிபோல் திரண்டு மிதந்தது. கரண்டி கொஞ்சம் கனத்து இழுத்ததை அவள் கவனிக்கவில்லை. கண் முழுக்கக் கைப்பேசியில் ஓடும் மணியின் மேல் இருந்தது. பத்து இருபது. கொல்லையில் அடிபம்பருகே வாழைக்காய் கழுவிக்கொண்டிருந்த அம்மாதான் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"அடுப்பப் பாரு, அடிப்பிடிக்குது."

ஜெயபாரதி அவசரமாக அடுப்பை அணைத்தாள். தர்மாம்பாள் ஈரக்கையோடு உள்ளே வந்து, அடியைச் சுரண்டாமல் மேலாக இருந்ததை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். இரண்டு ஏலக்காயை நசுக்கிப் போட்டாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"பம்படியில நிக்கிற எனக்கு வாசம் வருது. பக்கத்துல நிக்கிற ஒனக்குத் தெரியல?"

"போனப் பாத்துக்கிட்டு இருந்துட்டேம்மா."

தர்மாம்பாள் கிட்டே வந்தாள். இடது கையால் மகளின் கண்ணைப் பொத்தினாள். வலது கையால் அலமாரியிலிருந்து எதையோ எடுத்து மூக்கருகே நீட்டினாள். "என்னதுன்னு சொல்லு."

ஜெயபாரதி மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். காற்று வந்தது. காற்றைத் தவிர ஒன்றும் வரவில்லை. அம்மா கடைசியாகத் தொட்டது ஏலக்காய் டப்பாதான் என்று கணக்குப் போட்டு, "ஏலக்காய்" என்றாள்.

கையை எடுத்தபோது எதிரில் இருந்தது பெருங்காயம்.

"எத்தன நாளா?"

"ஆவணியில காய்ச்சல் வந்து கெடந்தேன்ல. அதுலேருந்து. திரும்ப வந்துரும்ங்கிறாரு டாக்டர். சில பேருக்கு வராமயும் போகுமாம்."

அன்று அப்பாவின் திதி. துரைராசு இறந்து ஒன்பது வருடம். வெளியே கார்த்திகை மழை விட்டு இரண்டு நாளாகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் குடமுருட்டி வாய்க்கால் வரைக்கும் சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. படையல் சமையலில் யாரும் உப்புப் பார்க்கக் கூடாது. இறந்தவர் சாப்பிடும் முன் நாக்கில் படக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதனால் பல வீடுகளில் திதியன்று குழம்பு ஒன்று கரிக்கும், இல்லை சப்பென்று இருக்கும். தர்மாம்பாள் வீட்டில் இரண்டும் நடந்ததில்லை. மூடியைத் திறந்து ஆவியை முகர்ந்தே உப்பு போதுமா என்று சொல்லிவிடுவாள். விதைநெல் முளைகட்டும் நாட்களில் தெருவில் நாலு வீட்டிலாவது அவளைக் கூப்பிடுவார்கள். சாக்குக்குள் கையை விட்டு, அந்தக் கையை முகர்ந்து, இன்னும் அரை நாள் போகட்டும் என்றோ, சூடேறிப்போச்சு இப்பவே பிரிங்க என்றோ சொல்வாள். அந்த மூக்கு மகளுக்கும் வந்திருந்தது. அதை வைத்துத்தான் அவள் பெங்களூரில் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு அவள் வேலை பார்ப்பது பிஸ்கட் கம்பெனி. உண்மையில் அது பீர் காய்ச்சும் இடம். உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டுத் தரம் பார்க்கும் வேலைக்குப் போனவள், இப்போது ஆறு பேர் கொண்ட சுவைக் குழுவுக்குத் தலைமை. அங்கே அதிகம் போகும் சரக்கு, பெல்ஜியம் நாட்டு முறையில் காய்ச்சும் பேல் ஏல் என்ற பீர். மற்ற பீரைப்போல வெறும் கசப்பு இல்லை. அதைப் புளிக்கவைக்கப் போடும் ஈஸ்ட் தானாகவே பழவாசமும் கிராம்பு வாசமும் உண்டாக்கும். ஒவ்வொரு முறை காய்ச்சியதும் முகர்ந்து, குடித்து, நாலு வரி எழுதி, போகலாம் என்று ஜெயபாரதி கையெழுத்துப் போட்டால்தான் லாரி கிளம்பும். பாட்டிலில் ஒட்டியிருக்கும் வர்ணனைகூட அவள் எழுதியதுதான்.

காய்ச்சலுக்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. இந்த வாரம் வந்துவிடும், அடுத்த வாரம் வந்துவிடும் என்று இருந்தாள். பழைய வர்ணனைகளை எடுத்துச் சொற்களை இடம் மாற்றி எழுதினாள். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். ஐப்பசியில் காய்ச்சிய ஒன்றில் பழைய வெண்ணெய் வாடை வந்திருக்கிறது. கூட உட்காரும் ஆஷிகா, "அக்கா, ஒரு மாதிரி இல்ல?" என்று கேட்டாள். "இது இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள் ஜெயபாரதி. கடைகளிலிருந்து பாட்டில்கள் திரும்பி வந்தன. குழுவில் உள்ள ஆறு பேருக்கும் சோதனை வைத்தார்கள். ஆளுக்கு மூன்று பாட்டில், பெயர் இல்லை, மூன்றிலக்க எண் மட்டும். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடித்து, நல்லதைப் பற்றியும் கெட்டதைப் பற்றியும் எழுத வேண்டும். திதிக்கு ஊருக்குப் போகிறேன் என்றாள். அங்கிருந்தே செய்யுங்கள், ஆறு பேரும் ஒரே நேரம், இன்று பதினொன்று முதல் பன்னிரண்டு வரை கைப்பேசியில் படிவம் திறந்திருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். பனிக்கட்டி நிரப்பிய டப்பாவில் மூன்று பாட்டிலும் பேருந்தில் அவளோடு வலங்கைமான் வரை வந்து, இப்போது கட்டிலுக்கு அடியில் இருந்தன.

இதையெல்லாம் அடுப்படியில் நின்று அம்மாவிடம் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. பீர் என்ற வார்த்தையைச் சொல்ல மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. தர்மாம்பாள் வாழைக்காயை நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"பிஸ்கட் இல்லன்னு எனக்குத் தெரியும். மொதத் தீபாவளிக்கு வந்தப்ப ஒன் துணிய ஊறப் போட்டேன். முளைகட்டுன மூட்டை வாசம் வந்துச்சு. பிஸ்கட்டுக்கு எவன் முளைகட்டுறான்?"

"நீ கேக்கவே இல்லியே."

"கேட்டா நீ சொல்லிருவ. அப்பறம் நான் என்ன பண்றது?"

ஜெயபாரதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள். "நீ மோந்து பாத்துச் சொல்றியாம்மா? குடிக்க வேணாம். எது வேறன்னு மட்டும்."

கத்தி நின்றது. தர்மாம்பாள் கூடத்துப் பக்கம் திரும்பினாள். அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு, கீழே விளக்கு ஏற்றியிருந்தது.

"இன்னைக்கா?"

"பன்னெண்டு மணிக்குள்ள."

"சொல்லலன்னா வேல போயிருமா?"

"போயிரும்."

தர்மாம்பாள் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவினாள். "இங்க வேணாம், தாளிச்ச வாசம். தாழ்வாரத்துக்குக் கொண்டா."

கொல்லைத் தாழ்வாரத்தில் வயல்காற்று அடித்தது. ஜெயபாரதி பாட்டில்களைக் கொண்டுவந்தாள். கண்ணாடி டம்ளர் தேடவில்லை. அந்த வீட்டில் அது கிடையாது. அப்பா போன பதினாறாம் நாள் இருந்த நாலு கண்ணாடி டம்ளரையும் அம்மா எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். ஒரே அளவான மூன்று எவர்சில்வர் டம்ளரை வரிசையாக வைத்து, அடியில் எண் எழுதிய சீட்டைச் செருகினாள். 417, 286, 935. முதல் பாட்டிலைத் திறந்தபோது எழுந்த சத்தத்தில் அம்மாவின் தோள் ஒருமுறை குலுங்கியது. பிறகு அடுத்த இரண்டுக்கும் அசையவில்லை. நுரை விளிம்புவரை ஏறி நின்றது.

தர்மாம்பாள் எடுத்தவுடன் மூக்கைக் கொண்டுபோகவில்லை. உள்ளங்கையால் டம்ளரை மூடினாள். கொஞ்சம் பொறுத்துக் கையை எடுத்து, கையைத்தான் முகர்ந்தாள். அதற்குப் பிறகுதான் குனிந்தாள்.

"சாராயம் மாதிரி இல்ல" என்றாள். அதில் அவளுக்கே ஆச்சரியம். "முளைகட்டுன சாக்க மொதல்ல பிரிச்சா ஒரு சூடு வரும்ல, அது. காஞ்ச சாத்துக்குடித் தோல். கிராம்பு இருக்கு, நெறைய இல்ல, பாத்திரத்துல முன்னாடி போட்டு எடுத்தாப்ல. அடியில பச்சைப் பேரிக்காய்."

போன வருடம் ஜெயபாரதி லேபிளில் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். இதைவிடச் சுமாரான சொற்களில். அதே டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். நாக்கு மட்டும் வேலை செய்தது. இலேசான இனிப்பு, பின்னால் மெல்லப் படரும் கசப்பு, நாக்கில் சுரீரென்று குத்தும் காற்று. அவ்வளவுதான். வாசம் இல்லாத பீர், படம் ஓடாத திரையில் வெறும் வெளிச்சம் விழுவதுபோல இருந்தது. "கசப்பு கடசீல வருது, போகமாட்டேங்குது" என்றாள். அம்மாவின் மூக்கும் அவள் நாக்குமாகச் சேர்ந்தால் ஒரு ஆள் ஆகும் என்று தோன்றியது.

இரண்டாவதை முகர்ந்து, "இதும் அதும் ஒண்ணு" என்றாள் தர்மாம்பாள். மூன்றாவதில் கையை வைத்தவள் முகத்தைச் சுருக்கினாள். மறுபடி முகர்ந்தாள். முதலாவதுக்குப் போய்விட்டுத் திரும்ப வந்தாள்.

"இது வேற. மேல எல்லாம் அதேதான். அடியில வெண்ணெ. உருக்காம வச்சு மறந்துபோன வெண்ணெ."

சீட்டில் 935 என்று இருந்தது. ஜெயபாரதி கைப்பேசியை எடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"இரு. என் மூக்க நம்பி எழுதாத."

"ஏம்மா? சரியாத்தான் சொல்ற. அந்த வெண்ணெதான் அங்க பிரச்சினையே."

தர்மாம்பாள் பதில் சொல்வதற்குள் பக்கத்துச் சந்து வழியாக மருதையன் சித்தப்பா வந்துவிட்டார். அப்பாவின் தம்பி. வேட்டி மடிப்பில் செய்தித்தாளில் சுற்றிய குவார்ட்டர் பாட்டில் துருத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு திதிக்கும் இதேபோல் வருவார். இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைக்க வேண்டும், அதுவும் பிடித்ததுதானே என்பது அவர் கட்சி. தெருவில் வேறு வீடுகளிலும் வைப்பதுண்டு. தர்மாம்பாள் ஒரு வருடமும் வைக்க விட்டதில்லை. டம்ளர்களையும் பாட்டில்களையும் பார்த்து அவர் அப்படியே நின்றார்.

"என்னண்ணி, இந்த வருசம் மனசு எறங்கிட்டாப்ல இருக்கு?"

"இது அவருக்கில்ல தம்பி. பாப்பாவோட கம்பெனி வேல."

"பிஸ்கட் கம்பெனியிலயா?"

"தொட்டுத் திங்கிறதுக்கு."

மருதையன் ஜெயபாரதியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மடிப்பிலிருந்ததை எடுத்தார். "இத மட்டும் ஒரு ஓரமா வச்சிருவோம். ஒம்போது வருசமா அண்ணன் வந்து எலையப் பாத்துட்டு ஏமாந்து போறாரு. உசிரோட இருக்கறப்ப கோவப்பட்டீங்க, நாயம். செத்தவருகிட்டயுமா கோவம்?"

"நடுவுல ஒரு தலைவாழை எல வேணும் தம்பி. அறுத்துட்டு வாங்க."

"நானே குடிச்சு அவரு கணக்குல சேத்துக்க வேண்டியதுதான்" என்று முனகிக்கொண்டே அரிவாளை எடுத்துக்கொண்டு வாழைக்கொல்லைப் பக்கம் போனார்.

அவர் போனதும் ஜெயபாரதி மெல்லச் சொன்னாள். "நானும் கோவம்னுதாம்மா நெனச்சேன்."

"கோவம் இல்லடி. அவரு விட்டுட்டாரு. விட்டவருக்கு எப்டி வைக்கிறது?"

ஜெயபாரதிக்குப் புரியவில்லை. அப்பா எப்போது விட்டார்? ஈரல் கெட்டுத்தான் செத்தார். ஊருக்கே தெரியும்.

"வாசல்ல நிக்க வச்சு ஊதச் சொல்லுவேன்ல" என்றாள் தர்மாம்பாள்.

அது மகளுக்குத் தெரியும். பள்ளிக்கூட நாட்களில் தினம் பார்த்தது. சாயங்காலம் அப்பா நிலைப்படியில் நிற்பார். அம்மா "ஊதுங்க" என்பாள். அவர் ஊதுவார். வாசம் இல்லையென்றால் உள்ளே தட்டு. இருந்தால் தட்டு இந்தத் தாழ்வாரத்துக்கு வரும்.

"நீ தஞ்சாவூர்ல ஆஸ்டல்ல இருந்த. ஐப்பசி கடசி. ஒரு நாள் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுத் திருநீறு பூசிட்டு வந்து நின்னாரு. நான் கேக்காமயே ஊதுனாரு. பிராந்தி வாசம் இல்ல. ஆனா வேற ஒண்ணு வந்துச்சு. இனிப்பா. அழுகுன பழத்த ஈரச் சாக்குல கட்டி வச்சாப்ல. புதுசா என்னத்தயோ குடிச்சுட்டு வந்து ஏமாத்தறாருன்னு நெனச்சேன். கண்டுபுடிச்சுட்டேன்னு எனக்கு ஒரு பெரும வேற."

வயலில் கொக்கு ஒன்று எழுந்து நாலு வரப்பு தள்ளிப் போய் உட்கார்ந்தது.

"குடிக்கலன்னாரு. ஒன் மேல சத்தியம் பண்ணுனாரு. என் மூக்கு பொய் சொல்லாதுன்னுட்டேன். தெனம் ஊதுவாரு, தெனம் அதே வாசம். பன்னெண்டு நாள். இங்கதான் ஒக்காந்து சாப்புட்டாரு. பாதி சோத்துக்கு மேல எறங்காது, கோழிக்குப் போட்டுருவாரு. நான் பேசல. பன்னெண்டாம் நாள் கண்ணு மஞ்சளா இருந்துச்சு. அப்பறம்தான் தூக்கிட்டு ஓடுனோம். ஆஸ்பத்திரில ஒரு சின்னப் பொண்ணு டாக்டர், இப்ப ஒனக்கு இருக்கிற வயசுதான் இருக்கும். எப்பக் குடிச்சீங்கன்னு கேட்டுச்சு. பன்னெண்டு நாளாச்சுன்னாரு. பொய் சொல்றாரும்மா, வாயில வாசம் வருது பாருங்கன்னு நான் சொன்னேன். அந்தப் பொண்ணு குனிஞ்சு பாத்துட்டு, இது குடிச்ச வாசன இல்லம்மா, ஈரல் போனா வர்ற வாசனன்னுச்சு."

தர்மாம்பாள் டம்ளரின் விளிம்பை விரலால் துடைத்தாள். நுரை முழுக்க அடங்கியிருந்தது.

"அவரு அதக் கேட்டாரு. என்னப் பாத்தாரு. அப்பறம் பேச்சே இல்ல, மூணு நாள்ல போயிட்டாரு. வாசம் வேறன்னு சரியாத்தான்டி சொன்னேன். எதனாலன்னு எனக்குத் தெரியல."

ஜெயபாரதி அம்மாவின் கையைத் தொட நினைத்தாள். அதற்குள் அம்மா நிமிர்ந்து, ஒன்பது வருடம் கேட்காததைக் கேட்டாள்.

"அந்தப் பன்னெண்டு நாள்ல ஒனக்குப் போன் பண்ணுனாரா? பேச்சு எப்டி இருந்துச்சு?"

பண்ணினார். ஜெயபாரதிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அம்மாவுக்கு மூக்கு என்றால் அவளுக்குக் காது. குடித்திருந்தால் அப்பா ஒரே வாக்கியத்தை மூன்று தடவை சொல்வார். சாப்பிட்டியா, சாப்பிட்டியாம்மா, சாப்பிட்டியாடா கண்ணு. ஒவ்வொரு தடவையும் பதில் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எல்லாவற்றையும் ஒரு தடவைதான் சொன்னார். பரீட்சை எப்ப. குளிருதா. வச்சிரட்டுமா. விடுதி வராந்தாவில் நின்று அவள் அதைக் கவனித்தாள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தாள். மறுநாள் செய்முறைத் தேர்வு இருந்தது. அப்புறம் மறந்துவிட்டது.

ஞாபகம் இல்லை என்று சொல்லலாம். குழறத்தான் செய்தார் என்றுகூடச் சொல்லலாம். அம்மா நம்புவாள். இத்தனை வருடம் கழித்து அவள் கேட்பது ஒருவேளை அந்தப் பதிலுக்காகத்தான் இருக்கும். மூன்று மாதமாக ஜெயபாரதி அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். எது கேட்டால் நிம்மதியோ அதை.

"தெளிவா இருந்துச்சும்மா" என்றாள். "எல்லாத்தையும் ஒரு தடவதான் சொன்னாரு. எனக்குத் தெரிஞ்சுச்சு. ஒனக்குச் சொல்லணும்னு நெனச்சேன். சொல்லல."

"ம்" என்றாள் தர்மாம்பாள். பிறகு எழுந்து, சேலையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, "வடைக்கு எண்ணெ காயணும்" என்று உள்ளே போய்விட்டாள்.

மணி பதினொன்று நாற்பத்தெட்டு. ஜெயபாரதி படிவத்தைத் திறந்தாள். எது வேறு என்ற கட்டத்தில் 935 என்று போட்டாள். மணம் என்ற இடத்தில் முளைகட்டிய சாக்கை முதலில் பிரிக்கும்போது வரும் சூடு, காய்ந்த சாத்துக்குடித் தோல், முன்னாடி போட்டு எடுத்த கிராம்பு, பச்சைப் பேரிக்காய் என்று எழுதினாள். ஆங்கிலத்துக்கு மாற்றத் தோன்றவில்லை. கெட்டதுக்கு, உருக்காமல் மறந்துபோன வெண்ணெய். சுவைக்குத் தன் நாக்கு சொன்னதை எழுதினாள். கடைசியில் வரும் கசப்பு, போகாதது. கீழே சோதித்தவர் பெயர் என்ற கட்டத்தில் அவள் பெயர் தானாகவே விழுந்து நின்றது. அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். தர்மாம்பாள், மணம் மட்டும் என்று எழுதினாள். அடுத்த வரியில், ஜெயபாரதிக்கு ஆகஸ்ட் மாதத்திலிருந்து வாசனை தெரியாது, ஐப்பசிச் சரக்கில் ஆஷிகா சொன்னதுதான் சரி என்று சேர்த்தாள். அனுப்பினாள்.

மூன்று டம்ளரையும் பம்படியில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தாள். உள்ளே வருவதற்குள் கைப்பேசி அடித்தது. ஆஷிகாவின் பெயர். அடித்து ஓயும்வரை பார்த்துவிட்டு, அதைக் கட்டில்மேல் குப்புற வைத்தாள்.

கூடத்தில் மருதையன் இலையை விரித்து முடித்திருந்தார். சோறு, குழம்பு, வாழைக்காய்க் கறி, வடை, பாயசம். இலையின் வலது ஓரத்தில் ஒரு பாட்டில் நிற்கும் அளவுக்கு இடத்தைக் காலியாகவே விட்டிருந்தார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் விடுவார். தர்மாம்பாள் அந்த இடத்தைப் பார்த்தாள். சித்தப்பாவின் கை மடிப்புக்குப் போயிற்று. அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். இந்தத் தடவை காரணத்தைச் சொல்லியும் விட்டாள்.

"அவரு விட்டுட்டாரு தம்பி. கடசீல பன்னெண்டு நாள் தொடவே இல்ல. நான்தான் நம்பல."

மருதையன் கை மடிப்பிலேயே நின்றது. அவர் அண்ணனின் படத்தைப் பார்த்தார், பிறகு அண்ணியைப் பார்த்தார். கற்பூரத் தட்டை எடுத்துக் கொடுத்தார்.

தர்மாம்பாள் கற்பூரம் காட்டினாள். சாம்பிராணிப் புகை கூடத்தில் நிறைந்தது. ஜெயபாரதிக்கு அது கண்ணில் எரிந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. எல்லோரும் விழுந்து கும்பிட்டு எழுந்த பிறகும் அம்மா நகரவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படத்தின் அருகே போனாள். மாலையை ஒரு விரலால் ஒதுக்கினாள். அப்பாவின் வாய் இருக்கும் இடத்துக்கு நேராகக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்தாள். இழுத்த மூச்சை அவள் விட்டபோது படத்தின் கண்ணாடியில் ஒரு சின்ன வட்டம் வெள்ளையாகப் படிந்தது. அவள் விலகிய பிறகும் அது கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி உள்ளே போயிற்று.